இரவல் பெறுபேறு

வெளிமாவட்ட மாணவர் ஒருவர் பதுளையிலோ நுவரெலியாவிலோ உள்ள பாடசாலையொன்றில் பெயரைப் பதிந்து க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதுவதால் யாருக்கும் நட்டமில்லை என்ற எண்ணம் இலங்கைத் தமிழரிடையே பரவலாக உள்ளது. மாணவருக்குப் பல்கலைக்கழகம் கிடைக்கிறது, பாடசாலைக்குப் பெறுபேறு கிடைக்கிறது, மாவட்டத்துக்கு ஒரு மருத்துவர் கிடைக்கிறார், இதில் இழந்தவர் எங்கே என்று கேட்கப்படுகிறது. இழந்தவர் இருக்கிறார். அவருக்குக் கடிதம் வருவதில்லை. வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுபோனதால் அவருடைய பெயர் எந்தப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத நட்டத்தை நட்டமே இல்லை என்று கொள்வதுதான் இந்த நம்பிக்கையின் முழு பலமும்.

பெரும்பாலான பாடநெறிகளுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இடங்களை மூன்று பங்காகப் பிரிக்கிறது. 40 வீதம் அகில இலங்கைத் திறமை வரிசைப்படி நிரப்பப்படுகிறது. 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி பகிரப்படுகிறது. மிஞ்சிய 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கிறது. ஊவா மாகாணத்தின் இரு மாவட்டங்களான பதுளையும் மொனராகலையும் அந்தப் பதினாறில் அடங்கும். வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுவதால், கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ போதாத இசட் புள்ளி பதுளையில் போதுமானதாகிவிடலாம். பாடசாலைப் பரீட்சார்த்தி ஒருவரின் மாவட்டத்தைத் தீர்மானிப்பது பிறந்த ஊரோ பெற்றோரின் ஊரோ அன்று. பரீட்சைக்கு முந்தைய மூன்றாண்டுக் காலத்தில் அவர் படித்த பாடசாலை எங்கே உள்ளது என்பதே அளவுகோல். ஆகவே மாவட்டத்தை மாற்ற வீட்டை மாற்ற வேண்டியதில்லை. இடாப்பில் ஒரு பெயர் ஏறினால் போதும்.

அந்தப் பெயர் ஏறும் வழி மலையகத்தில் எல்லோருக்கும் தெரிந்ததே. விடுகைப் பத்திரம் கொண்டுவரப்படுகிறது. தெரிந்தவர் ஒருவரின் விலாசத்துக்குக் கிராம சேவகரின் சான்றிதழ் பெறப்படுகிறது. பெயர் இங்கே இடாப்பில் இருக்கிறது. பிள்ளை தன் சொந்த நகரத்தின் பிரத்தியேக வகுப்பில் இருக்கிறது. உயர்தரத்துக்குத் தோற்ற 80 வீத வரவு வேண்டும் என்ற விதி, வராத பிள்ளைக்கு வரவு இடும் பேனாவின் முன் செயலிழந்துவிடுகிறது. பரீட்சைக் காலத்தில் மட்டும் அந்த மாணவர் மலையேறி வருகிறார். பெறுபேறு வெளியானதும் அவருடைய படம் பாடசாலை வாசலில் பதாகையாகத் தொங்குகிறது. அவரோடு ஒரே வாங்கில் இருந்து படித்த ஒரு பிள்ளையைக்கூட அந்தப் பாடசாலையால் காட்ட முடியாது.

நட்டத்தைக் கணக்கிடுவது கடினமன்று. ஒரு பாடநெறிக்கு நாடு முழுவதும் 1000 இடங்கள் என்று எடுத்துக்கொண்டால், மாவட்டப் பங்கு 550. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தின் சனத்தொகை எட்டு இலட்சத்துக்குச் சற்று மேல். நாட்டின் சனத்தொகையில் ஏறத்தாழ 4 வீதம். அதன்படி 22 இடங்கள் வரும். பின்தங்கிய மாவட்டங்களுக்கான 50 இடங்களில் சுமார் 5 சேரும். மொத்தம் 27. வெளியிலிருந்து ஐவர் வந்து இந்த 27க்குள் நுழைந்தால் இங்கே படித்த ஐவர் வெளியேறுகிறார்கள். 28 ஆவது இடம் என்று ஒன்று கிடையாது. பங்கு நிலையானது என்பதால் ஒருவரின் வரவு இன்னொருவரின் இழப்பாகவே முடியும்.

வெளியேறுபவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். மாவட்டப் பங்கு தோட்டப் பிள்ளைக்கென்று ஒதுக்கப்பட்டதன்று. பதுளை, பண்டாரவளை நகரங்களின் பெரிய சிங்களப் பாடசாலைகளின் மாணவரும் தோட்டத்து மாணவரும் ஒரே பட்டியலில்தான் போட்டியிடுகிறார்கள். இலங்கைப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை 1ஏபி எனப்படும். கலை, வர்த்தகம் மட்டும் உள்ளவை 1சி. மற்றவை சாதாரண தரத்தோடு அல்லது அதற்கும் முன்னரே முடிகின்றன. தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தவை. கொழும்பிலிருந்து வரும் ஏ4 வீதி கொஸ்லந்தையை நோக்கி இறங்க, ஹப்புத்தளைக்கான வீதி மேலேறும் சந்திதான் பெரகல. அந்தச் சுற்றுப்புறத் தோட்டத்துப் பிள்ளை தமிழ்மொழியில் பௌதிகவியலோ உயிரியலோ படிக்க விரும்பினால், மலையேறும் வீதியில் ஹப்புத்தளைக்கோ பண்டாரவளைக்கோ நாள்தோறும் பஸ்ஸில் போய்வர வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை மூடினால் அன்றைய பாடம் போயிற்று. பஸ் கட்டணமும் பிரத்தியேக வகுப்புக் கட்டணமும் கொழுந்து பறிக்கும் தாயின் நாட்சம்பளத்திலிருந்து வர வேண்டும். அத்தனையையும் கடந்து பட்டியலின் விளிம்புக்கு வந்து நிற்கும் பிள்ளையைத்தான் இரவல் பெயர் ஒன்று தள்ளிவிடுகிறது. பட்டியலின் உச்சியில் இருப்பவரை அது தொடுவதே இல்லை.

இந்த வழக்கத்தைக் காக்க வழக்கமாக நான்கு வாதங்கள் சொல்லப்படுகின்றன.

முதலாவது, திறமை உள்ளவருக்கு இடம் கிடைப்பதில் தவறென்ன என்பது. உண்மையில் நாட்டின் முன்வரிசைத் திறமை உள்ளவருக்கு 40 வீத இடங்கள் மாவட்டம் பாராமல் திறந்தே இருக்கின்றன. அவர் எங்கிருந்து எழுதினாலும் தெரிவாவார். மாவட்டம் மாறி எழுதும் தேவை, அகில இலங்கை வரிசையிலும் சொந்த மாவட்ட வரிசையிலும் எட்டாதவருக்கே ஏற்படுகிறது. நல்ல ஆய்வுகூடமும் அனுபவமிக்க ஆசிரியர்களும் உள்ள நகரத்தில் படித்துப் பெற்ற புள்ளியை, அவை இல்லாத இடத்தின் அளவுகோலால் அளக்கக் கேட்பது திறமையின் வாதமாகாது.

இரண்டாவது, எல்லோரும் தமிழ்ப் பிள்ளைகள்தானே, 1970களில் தமிழ் மாணவருக்கு நடந்த அநீதிக்கு இது ஒரு பரிகாரம்தானே என்பது. அந்த அநீதி உண்மையானது. 1971இல் மருத்துவபீட அனுமதிக்குச் சிங்களமொழி மூல மாணவருக்கு 229 புள்ளிகளும் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளிகளும் வேண்டியிருந்தன. அதன் காயம் ஒரு தலைமுறையின் அரசியலையே மாற்றியது. ஆனால் அந்த அநீதியைச் செய்தவர்கள் மலையகத்தார் அல்லர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமையே இழந்திருந்த சமூகம் அது. அதன் தோட்டப் பாடசாலைகள் 1970களில்தான் அரசின் கைக்கு வந்தன. அதுவரை பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு முடிந்தது. அரசு செய்த தவறுக்கான கடனை நாட்டிலேயே பின்னால் நிற்பவரிடம் வசூலிப்பது எந்த நீதியிலும் சேராது. தமிழர் ஒற்றுமை என்ற பெயரில் அதைக் கேட்பது இன்னும் மோசம். ஒற்றுமையின் விலையை எப்போதும் ஒரே தரப்பு கொடுத்துக்கொண்டிருக்க முடியாது.

மூன்றாவது, பாடசாலைக்குப் பெயர் கிடைக்கிறது என்பது. இந்தப் பெயர்தான் பாடசாலையை உள்ளிருந்து அரிக்கிறது. விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலையிலிருந்து மூவர் மருத்துவபீடம் சென்றதாக அறிக்கை போனால், வலயக் கல்விப் பணிமனை அந்தப் பாடசாலைக்கு ஆசிரியரை அனுப்ப அவசரப்படாது. குறை மறைந்துவிடுகிறது, மறைந்த குறை நிரப்பப்படுவதில்லை. பதாகையில் ஊர்ப் பிள்ளையின் முகம் ஆண்டுதோறும் இல்லாமற்போகும்போது, எங்கள் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சரிவராது என்ற பேச்சு லயத்துக்குள்ளேயே தொடங்குகிறது. ஆசிரியரும் அதை நம்பத் தொடங்கினால் அடுத்த ஆண்டு விஞ்ஞானப் பிரிவுக்குப் பிள்ளைகள் சேர்வதில்லை. மாவட்டத்துக்கு மருத்துவர் கிடைக்கிறார் என்ற பேச்சும் இந்த வகையைச் சேர்ந்ததே. பெயரை மட்டும் இங்கே வைத்திருந்தவருக்குப் பட்டம் பெற்றபின் திரும்பிவர இங்கே வீடும் இல்லை, உறவும் இல்லை.

நான்காவது, சட்டம் தடுக்கவில்லையே என்பது. 1968ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுப் பரீட்சைகள் சட்டம் ஆள்மாறாட்டம், வினாத்தாளை முன்கூட்டி வெளியிடுதல் போன்ற குற்றங்களைக் குறிவைக்கிறது. இடாப்பில் பெயரை ஏற்றி மாவட்டம் மாற்றுபவர் பரீட்சை மண்டபத்தில் எந்தக் குற்றமும் செய்வதில்லை. தன் பெயரில், தன் அறிவைக் கொண்டு, தன் கையாலேயே எழுதுகிறார். ஆனால் வராத நாளுக்கு வரவு இடுவதும் வாழாத விலாசத்துக்குச் சான்றிதழ் பெறுவதும் பொய்யான ஆவணங்கள்தாம். மோசடி பரீட்சை நாளுக்கு வெகு முன்பே, அலுவலக மேசையில் முடிந்துவிடுகிறது.

பெயருக்காக வெளியிலிருந்து ஆள் சேர்க்கும் வழக்கம் முற்றினால் என்னவாகும் என்பதற்கு அமெரிக்கப் பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்டம் நீண்ட சான்று. அங்கும் வெற்றியால் எல்லோருக்கும் நன்மை, யாருக்கும் நட்டமில்லை என்றே சொல்லப்பட்டது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1990களில் அலுவலர் ஒருவர் கூடைப்பந்தாட்ட வீரர்களுக்காக 400க்கு மேற்பட்ட ஒப்படைகளை எழுதிக்கொடுத்தது 1999இல் வெளியானது. ஜோர்ஜியா பல்கலைக்கழகத்தில் 2001இல் உதவிப் பயிற்றுநர் ஒருவர் நடத்திய பாடத்தின் இறுதிப் பரீட்சையில், மூன்று புள்ளி எறிகைக்கு எத்தனை புள்ளிகள் என்பதும் ஒரு வினா. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சப்பல்ஹில் வளாகத்தில் 1993 முதல் 2011 வரை, விரிவுரையே நடக்காத பாடங்கள் இருந்தன. 3,100க்கு மேற்பட்ட மாணவர் அவற்றைப் பதிந்தனர்; ஏறத்தாழ பாதிப்பேர் விளையாட்டு வீரர்கள். 2017 ஒக்டோபரில் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் அதற்குத் தண்டனை விதிக்கவில்லை. அந்தப் பாடங்கள் எல்லா மாணவருக்கும் திறந்திருந்ததால் விதி மீறப்பட்டதாகக் கொள்ள முடியாது என்றது. விதி மீறப்படாமலே கல்வி களவுபோகலாம் என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை. அதற்கு முந்தைய மாதத்தில்தான், வீரர்களையும் அவர்களின் குடும்பங்களையும் வளைக்கக் கைமாறிய இலஞ்சப் பணம் தொடர்பாக நான்கு உதவிப் பயிற்றுநர்கள் உட்படப் பத்துப் பேர் கைதாகியிருந்தனர்.

இழந்தவர் யாரென்ற கேள்விக்குக் கெவின் ரொஸ் என்ற வீரரின் வழக்கு பதில் தருகிறது. கிரெய்ட்டன் பல்கலைக்கழகம் 1978 முதல் 1982 வரை அவரை விளையாடச் செய்தது. வெளியேறியபோது அவருடைய மொழியறிவு நான்காம் வகுப்பு மாணவருடைய மட்டத்தில் இருந்தது. வளர்ந்த மனிதராகச் சிக்காகோவில் சிறுபிள்ளைகளோடு வகுப்பில் அமர்ந்து படித்த அவர், பின்னர் பல்கலைக்கழகத்தின்மீது வழக்குத் தொடுத்தார். அங்கே ஏமாந்தவர் கொண்டுவரப்பட்ட வீரர். ஊவாவில் ஏமாறுபவர் உள்ளூரில் படித்த பிள்ளை. இரு இடத்திலும் ஏமாற்றியது ஒன்றே: கற்பித்தலைக் கைவிட்டு, கற்பித்ததற்கான அடையாளத்தை மட்டும் வாங்கிக்கொண்ட நிறுவனம்.

இதைத் தடுக்க வேண்டிய முதல் கை அதிபருடையது. அந்தக் கைக்கு எவ்வளவு பாதுகாப்பு இருக்கிறது என்பதைப் பதுளை 2018 ஜனவரியில் கண்டது. அப்போதைய ஊவா முதலமைச்சர் சாமர சம்பத் தசநாயக்கவின் சிபாரிசோடு வந்த மாணவி அனுமதியை ஏற்க மறுத்த பதுளைத் தமிழ் மகளிர் மகா வித்தியாலய அதிபர், முதலமைச்சரின் முன் முழந்தாளிட வைக்கப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்ப, முதலமைச்சர் தம்மிடமிருந்த மாகாணக் கல்வி அமைச்சுப் பொறுப்பிலிருந்து விலகினார். பின்னர் கைதாகிப் பிணையில் விடப்பட்டார். அது மாவட்டப் பங்கு தொடர்பான விவகாரம் அன்று. ஆனால் அனுமதி இடாப்பை ஒழுங்காகக் காக்க முயலும் அதிபருக்கு நேரக்கூடியதை அது காட்டிவிட்டது. இல்லை என்று சொல்லும் அதிபருக்கு மாகாணக் கல்வித் திணைக்களமும் பெற்றோரும் துணைநிற்காவிட்டால், எந்தச் சுற்றறிக்கையும் காகிதமே.

செய்ய வேண்டியவை தெளிவானவை. உயர்தரப் பரீட்சார்த்தி ஒவ்வொருவரும் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையையும் சாதாரண தரத்தையும் எந்த மாவட்டத்தில் எழுதினார் என்பது பரீட்சைத் திணைக்களத்தின் பதிவிலேயே இருக்கிறது. அதை உயர்தர விண்ணப்பத்தோடு ஒப்பிட்டால், காரணமின்றி மாவட்டம் மாறியவரை விசாரிக்கலாம். பெற்றோரின் இடமாற்றத்தாலோ இடம்பெயர்வாலோ உண்மையாக வந்து படிப்பவருக்கு இதனால் பாதிப்பில்லை. பாடசாலையின் பெறுபேற்றை வெளியிடும்போது, ஆறாம் வகுப்பிலிருந்து அங்கேயே படித்தவர் எத்தனைபேர், இடையில் வந்தவர் எத்தனைபேர் என்று பிரித்து வெளியிட வேண்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் வரவு இடாப்பைப் பார்க்கக் கேட்க வேண்டும். பொய்ச் சான்றிதழ் கொடுத்தவரும் பொய் வரவு இட்டவரும் ஒழுக்காற்று விசாரணைக்கு உட்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊவாவின் தமிழ்மொழிப் பாடசாலைகளுக்குக் கணித, விஞ்ஞான ஆசிரியர்களும், தொலைவிலுள்ள தோட்டங்களின் பிள்ளைகளுக்கு விடுதியும் வேண்டும்.

மாவட்டப் பங்கு யாருக்கும் தரப்பட்ட சலுகை அன்று. ஆசிரியரும் ஆய்வுகூடமும் சமமாகப் பகிரப்படாத நாட்டில் அந்தக் குறைக்கு ஈடாக வைக்கப்பட்ட சிறு பங்கு அது. ஆசிரியர் பற்றாக்குறையை அனுபவித்தவருக்கே அந்த ஈடு உரியது. அனுபவிக்காதவர் அதை எடுத்துக்கொள்ளும்போது, குறையும் ஊர்ப் பிள்ளைக்கே, ஈட்டின் இழப்பும் ஊர்ப் பிள்ளைக்கே என்றாகிறது.