ஒளிரும் கல்லும் உரிய சொல்லும்

இருளில் தானே ஒளி வீசும் மணியைப் பற்றிய கதைகள் நம் நாட்டில் பல உண்டு. நாகரத்தினத்தைப் பற்றிக் கேள்விப்படாத குழந்தை அரிது. இன்று கையடக்கமான புற ஊதா விளக்குகள் மலிவாகக் கிடைப்பதால், வெளியூர் செல்லும் அன்பர் சிலர் இரவில் ஒளிரும் கற்களைத் தேடுவதை ஒரு பொழுதுபோக்காகக் கொண்டுள்ளனர். இது வரவேற்கத்தக்கதே. எனினும், விளக்கைக் கையில் எடுக்குமுன் சொற்களைச் சீர்செய்து கொள்ளுதல் வேண்டும் என்பது என் கருத்து.

இதில் பிழை செய்தவர்களுள் நானும் ஒருவன். பல ஆண்டுகளுக்கு முன் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கையில், மூன்று வேறு நிகழ்ச்சிகளையும் ‘ஒளி வீசுதல்’ என்ற ஒரே சொல்லால் குறித்துவிட்டேன். அதைப் படித்த ஆசிரியர் ஒருவர், தம் பள்ளியிலுள்ள கால்சைட்டுத் துண்டு கதிரியக்கம் உடையதோ, அதை அப்புறப்படுத்த வேண்டுமோ என அஞ்சி எழுதினார். பிழை அவருடையதன்று, என்னுடையது.

புற ஊதாக் கதிர் விழும்போது மட்டும் ஒளிர்வது உடனொளிர்வு. கதிர் நின்ற பின்னரும் சிறிது நேரம் ஒளிர்வது நின்றொளிர்வு. அணுக்கரு தானே சிதைந்து கதிர் வீசுவது கதிரியக்கம்; அக்கதிரைக் கண்ணால் காண இயலாது. யுரேனியக் கனிமங்களுள் ஆட்டுனைட்டு பசுமஞ்சளாக உடனொளிரும். யுரேனியம் மிகுந்த யுரேனினைட்டோ ஒளிர்வதில்லை. ஆகவே, ஒளிர்வன யாவும் அபாயமானவையல்ல. ஒளிராதன யாவும் தீங்கற்றவையுமல்ல.

ஒளிர்வு எத்துணைப் பயனுடையது என்பதற்கு நல்ல சான்று, பெங்களூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்க வயலில் உண்டு. 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்ட அச்சுரங்கங்களின் பாறைகளில், தங்கத்தோடு ஷீலைட்டு என்னும் டங்ஸ்டன் கனிமமும் காணப்பட்டது. பகலில் அதை வெண்ணிறக் குவார்ட்சினின்று பிரித்தறிவது கடினம். 254 நானோமீட்டர் குற்றலைக் கதிரிலோ அது நீலம் கலந்த வெண்மையாக ஒளிர்ந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் கடைகளில் மிகுதியாக விற்கும் நெட்டலை விளக்கில் அது பெரும்பாலும் ஒளிராது. விளக்கின் அலைநீளத்தை அறியாமல் “இங்கு ஒன்றுமில்லை” என்று குறிப்பெழுதுவது தவறாகும். மறுபுறம், சலவைத்தூளில் துவைத்த துணி ஒளிரும். பாறையிடுக்கிலுள்ள தேளும் ஒளிரும். ஒளிர்வு ஒரு குறிப்பேயன்றித் தீர்ப்பன்று. கடினத்தன்மை, அடர்த்தி, அமிலச் சோதனை ஆகியவற்றின் பின்னரே கனிமத்திற்குப் பெயரிடுதல் தகும்.

முதற் பயிற்சிக்குச் சுரங்கத்தை நாட வேண்டுவதில்லை. பெங்களூரில் இராமன் ஆராய்ச்சி நிலையத்தில், சர் சி. வி. இராமன் திரட்டிய கனிமங்களுள் புற ஊதாக் கதிரில் ஒளிர்வனவும் உள்ளன. முன் அனுமதி பெற்று மாணவர்களை அழைத்துச் சென்று காட்டலாம். கைவிடப்பட்ட சுரங்கங்களிலும், சயனைடு கொண்டு தங்கம் பிரித்த மணல்மேடுகளிலும் இரவில் அலைவது அறிவுடைமையாகாது. லால்பாக் பாறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். அதில் ஒரு சில்லும் பெயர்த்தல் கூடாது. குற்றலை விளக்கு கண்ணுக்கும் தோலுக்கும் கேடு தருமாதலால், அக்கதிரைத் தடுக்கும் கண்ணாடி அணிதல் இன்றியமையாதது.

எடுத்த இடம், நாள், விளக்கின் அலைநீளம், ஒளிர்ந்த நிறம், விளக்கை அணைத்த பின் ஒளி நின்றதா என்னும் ஐந்தையும் சீட்டில் எழுதிக் கல்லுடன் வையுங்கள். சீட்டில்லாத கல் அலமாரிக்கு அழகு தரலாம். அறிவியலுக்கு அது ஊமைச் சாட்சியே. சரியான சொல்லை முதலில் மாணவன் கற்றால், பின்னர் அவன் வீணாக அஞ்சவும் மாட்டான். ‘நாகரத்தினம்’ விற்பவனிடம் ஏமாறவும் மாட்டான்.