இரட்டைக்கால் தாங்கியைக் கழற்றாதீர்



மோட்டார் சைக்கிள் தாங்கியைப் பற்றி எழுத ஓர் ஆசிரியனுக்கு என்ன இருக்கிறது எனச் சிலர் எண்ணக்கூடும். காலை 7 மணிக்குத் தமிழ்ப்பள்ளி வாயிலில் சற்று நின்று பாருங்கள். நம் மாணவர் பலர் பெற்றோரின் கப்சாய் மோட்டாரில் பின்னிருக்கையில் அமர்ந்து வருவதைக் காண்பீர்கள். மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. ஆகவே, இது நாம் பேச வேண்டிய செய்திதான்.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற நாளில், வண்டி எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அதன் இரட்டைக்கால் தாங்கியைப் பட்டறையில் கழற்றிவிட்டேன். சாய்த்து நிறுத்தும் ஒற்றைக்கால் தாங்கி மட்டுமே எஞ்சியது. பல ஆண்டுகள் அப்படியே ஓட்டினேன்.

என் மகள் முதலாம் ஆண்டு பயின்றபோது, பள்ளி முடிந்து இருவரும் திரும்பும் வழியில் பின்சக்கரம் திடீரென நெளியத் தொடங்கியது. காற்று முற்றும் இறங்கிவிட்டது. கடைவரிசை ஒன்றின் முன்னே மெல்ல ஒதுக்கி, ஒற்றைக்கால் தாங்கியைப் போட்டு நிறுத்தினேன். மகள் வண்டியின் வலப்புறம் நின்றாள். நான் இடப்புறம் குனிந்து சக்கரத்தைத் தொட்டதுதான் தாமதம், வண்டி வலப்புறமாகச் சாய்ந்து விழுந்தது. மகள் துள்ளி விலகினாள். சூடான புகைபோக்கி வலப்புறத்தில்தான் இருக்கிறது. அவளுடைய புத்தகப்பையின் ஓரம் அதில் உருகி ஒட்டிக்கொண்டது. இன்னும் ஒரு சாண் நெருங்கி நின்றிருந்தால் உருகியது பையாக இருந்திராது.

காரணம் பின்னர்தான் விளங்கியது. டயரில் காற்று இருக்கும் உயரத்துக்கு ஏற்பவே ஒற்றைக்கால் தாங்கியின் நீளம் அமைக்கப்பட்டுள்ளது. டயர் தட்டையானால் வண்டி தாழ்கிறது, தாங்கியோ குறைவதில்லை. அதனால் வண்டி இடப்புறம் சாய்ந்து நிற்காமல் ஏறத்தாழ நிமிர்ந்து நிற்கும். சிறிது அசைத்தாலும் மறுபக்கம் விழுந்துவிடும்.

உதவிக்கு வந்த பட்டறைக்காரர் முதலில் கேட்ட கேள்வி, "சார், ரெண்டு கால் தாங்கி எங்கே?" என்பதுதான். மரப்பெட்டி ஒன்றைத் தேடி அடியில் கொடுத்த பிறகே அவரால் வேலையைத் தொடங்க முடிந்தது. இரட்டைக்கால் தாங்கி இருந்திருந்தால் பின்சக்கரம் தரையை விட்டு உயர்ந்திருக்கும். கையால் சுழற்றியே ஆணியைக் கண்டிருக்கலாம். டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, சக்கரத்தைக் கழற்றாமலே டியூபை வெளியே இழுத்து ஒட்டுப் போட்டிருக்கலாம்.

அன்று நான் கற்றவற்றைச் சொல்கிறேன். பின்சக்கரம் நெளிந்தால் பிரேக்கைத் திடீரென அழுத்தாதீர்கள். கைப்பிடியை நேராகப் பிடித்து, முறுக்கைக் குறைத்து, இடப்புறம் ஒதுங்குங்கள். "பட்டறை அருகில்தானே" என்று தொடர்ந்து ஓட்டினால் டயருக்குள் டியூப் நழுவி, காற்றடைக்கும் வால்வின் அடியில் கிழியும். அதற்கு ஒட்டுப் போட முடியாது.

பிள்ளையைத் தள்ளி நிற்கச் சொன்ன பிறகே தாங்கியைத் தொடுங்கள். கெட்டியான சமதரையில் இடப்புறம் நின்று, இடக்கையால் கைப்பிடியையும் வலக்கையால் பின்னிருக்கைக் கம்பியையும் பிடியுங்கள். தாங்கியின் இரு கால்களும் தரையைத் தொட்டதும், வலக்காலால் அதன் மீது உடல் எடை முழுவதையும் கொடுங்கள். கையால் தூக்க முயன்றால் இடுப்புதான் வலிக்கும். டயர் தட்டையாகி வண்டி எழும்ப மறுத்தால், மெல்லிய பலகை ஒன்றின் மேல் பின்சக்கரத்தை ஏற்றிவிட்டு முயலுங்கள். இதற்குப் பெரிய பலம் தேவையில்லை. உயரம் குறைந்த என் துணைவியார் இதனை எளிதாகச் செய்கிறார்.

இப்போது டியூப் இல்லாத டயர் வந்துவிட்டது, கைப்பேசியில் அழைத்தால் ஆள் வருவார், இவையெல்லாம் எதற்கு என்று கேட்போர் உண்டு. டியூப் இல்லாத டயரில் காற்று பெரும்பாலும் மெல்ல இறங்கும், வெளியிலிருந்தே அடைக்கலாம், உண்மைதான். ஆனால், கம்பிச் சக்கரம் பூட்டிய கப்சாய்கள் இன்னும் டியூபில்தான் ஓடுகின்றன. ஆள் வரும்வரை விழாமல் வண்டியை நிறுத்த வேண்டியவரும் நாமே.

நம் நாட்டில் 16 வயதில் மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்கலாம். தேர்வில் புள்ளி எடுத்த பிள்ளைக்குப் பரிசாக மோட்டார் வாங்கித் தரும் பெற்றோர், சாவியைக் கொடுக்கும் முன் வீட்டு வாசலில் அவ்வண்டியை 10 முறை இரட்டைக்கால் தாங்கியில் ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். மகனுக்கு மட்டுமன்று, மகளுக்கும் இதைக் கற்பியுங்கள். அழகுக்காகத் தாங்கியைக் கழற்றப் போகிறேன் என்று பிள்ளை சொன்னால், இந்த வாத்தியாரின் கதையைச் சொல்லுங்கள். அந்தப் புத்தகப்பை இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது.