மகளும் கம்பஸும்

"விரிவுரை முடிஞ்சதும் நேரே அறைக்கு வந்திடோணும் எண்டு பிள்ளைக்குச் சொல்லி விட்டிருக்கிறன்." இப்படிச் சொல்லும் தாய்மார் நம்மிடையே பலர். இழப்புகளைக் கண்டவர்களின் பயம் அது, நியாயமானதே. என்றாலும் சகோதரிகளே, அறைக்கும் விரிவுரை மண்டபத்துக்கும் மட்டுமே நடந்த பிள்ளை, பட்டத்தோடு வந்தும் நேர்முகத் தேர்வில் வாய் திறக்கத் தயங்குவாள்.

1985இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலாசாரக் குழு, குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிய 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தை க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் ஊர் ஊராகக் கொண்டு சென்றது. மாணவிகளும் நடித்தார்கள். போர்க்காலம் அது. நூற்றுக்கணக்கான சனத்தின் முன் குரலெடுத்துப் பேசுவதையும், கருத்து வேறுபட்டவர்களோடு சேர்ந்து வேலை செய்வதையும் எந்தக் குறிப்புக் கொப்பி கற்றுத் தரும்?

பகிடிவதையை நினைத்தும் பயப்படுகிறோம். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம். "பொறுத்துக்கொள்" என்று மட்டும் சொல்லாதீர்கள்; மாணவ ஆலோசகரிடம் முறையிடச் சொல்லுங்கள்.

மற்றப்படி, மன்றக் கூட்டம் எத்தனை மணிக்கு முடியும், யாரோடு திரும்புவாள் என்று கேட்டு வைத்துக்கொண்டு போக விடுங்கள். பொருளாளராக வந்தால் இன்னும் நல்லது. கணக்கெழுதி, பற்றுச்சீட்டுச் சேர்த்து, கேள்வி கேட்பவருக்குக் கோபப்படாமல் பதில் சொல்லப் பழகுவாள். நமது மாதர் சங்கங்களில் அந்தப் பதவிக்கு ஆள் பிடிக்க நாம் படும் பாடு உங்களுக்குத் தெரியாததா?