கியர் அசைய மறுத்தால்...



யுத்தத்தில் கணவரை இழந்த பின் குடும்பத்தைக் காப்பாற்ற ஸ்டியரிங் பிடித்த பெண்கள் வன்னியிலும் இருக்கிறார்கள், மலையகத்திலும் இருக்கிறார்கள். திம்புள்ளயில் எமது பெண்கள் குழுவிலுள்ள ஒரு சகோதரி, வன்னியிலிருந்து தான் பிறந்த தோட்டத்துக்கே திரும்பி வந்தவர். பழைய ஜப்பான் கார் ஒன்றில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்கிறார். ஒருநாள் அவரது காரின் ஓட்டோ கியர் ‘பார்க்’ நிலையை விட்டு அசையவில்லை. கியர் பெட்டியையே கழற்ற வேண்டும் என்றார்களாம் ஒரு கராஜில். பழுதாகியிருந்ததோ பிரேக் மிதியின் மேலுள்ள சிறிய ஸ்விட்ச் மட்டுமே.

நமக்குத் தெரியாத விடயத்தில்தான் நாம் இலகுவாக ஏமாற்றப்படுகிறோம். எனவே இம்முறை இந்தப் பூட்டைப் பற்றியே எழுதுகிறேன்.

ஓட்டோ கியர் வாகனத்தில் பிரேக்கை மிதிக்காமல் கியரைப் ‘பார்க்’கிலிருந்து எடுக்க முடியாது. இது பழுதல்ல, பாதுகாப்பு. 1980களில் அமெரிக்காவில் ஓடி கார்கள் தாமாகவே பாய்கின்றன என்ற முறைப்பாடுகள் எழுந்தன. பிரேக் என்று எண்ணி எக்ஸலரேட்டரை மிதித்ததே பெரும்பாலும் காரணம் என்று 1989இல் வெளியான அரச ஆய்வு கூறியது. ஓடி நிறுவனம் இந்தப் பூட்டைப் பொருத்தியது; பின்னர் ஏனைய நிறுவனங்களிடமும் இது பரவியது. முச்சக்கர வண்டியிலும் சாதாரண கியர் வாகனத்திலும் இப்பூட்டு இல்லை.

பிரேக்கை மிதித்ததும் மிதியின் மேலுள்ள ஸ்விட்ச் பின்பக்கச் சிவப்பு விளக்கை எரியச் செய்கிறது. அதே ஸ்விட்ச்தான் கியர்ப் பூட்டுக்கும் ‘திற’ என்று சொல்கிறது. ஆகவே கியர் அசையாவிட்டால் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சில்லுக்குக் கல் வைத்து, சாவியை ‘ஒன்’ நிலைக்குத் திருப்புங்கள். பிரேக்கை நன்றாக மிதித்து, பின்னால் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

விளக்குகள் எதுவும் எரியவில்லையா? பியூஸை, அடுத்து பிரேக் ஸ்விட்சைப் பரிசோதிக்க வேண்டும். விளக்கு எரிந்தும் கியர் அசையவில்லையா? கியர்த் தண்டின் அடியிலுள்ள பூட்டிலோ அதன் வயரிலோ கோளாறு இருக்கலாம். எல்லா விளக்கும் மங்கலா? பெட்டரியைப் பாருங்கள்.

மேட்டில் நிறுத்திய வாகனத்தில் கியர் இறுகி நிற்பது வேறு விடயம். வாகனத்தின் பாரம் முழுவதும் கியர் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறு பல்லில் தங்குவதே காரணம். நிறுத்தும்போது கால் பிரேக்கிலிருக்க, முதலில் ஹேண்ட் பிரேக், பிறகு ‘பார்க்’, கடைசியாகக் காலை எடுப்பது என்று பழகுங்கள்.

பல வாகனங்களில் கியருக்கு அருகே ‘ஷிஃப்ட் லொக்’ என்ற பொத்தானோ சிறு மூடியோ உண்டு. ஹேண்ட் பிரேக் இழுத்து, பிரேக்கை மிதித்தபடி அதை அழுத்தினால் கியர் நகரும். இது கராஜ் வரை செல்வதற்கு மட்டுமே. பிரேக் விளக்கு எரியாத வாகனத்தை ஹட்டன்-நுவரெலியா வீதியின் பனிமூட்டத்தில் ஓட்டினால், நீங்கள் வேகம் குறைப்பது பின்னால் வரும் பஸ்ஸுக்குத் தெரியாது.

பூட்டு திறக்காவிட்டால் தொல்லை. பூட்டாமலே விட்டால் ஆபத்து. மிதியிலுள்ள சிறிய பிளாஸ்டிக் அல்லது இறப்பர் துண்டு பழசாகி உடைந்தால் ஸ்விட்ச் எப்போதும் மிதிபட்டதாகவே நினைக்கும். சிவப்பு விளக்கு அணையாது, பெட்டரி இறங்கும், உள்ளே விளையாடும் பிள்ளைகூடக் கியரை நகர்த்திவிடலாம். லயத்து வாசலே சரிவாக இருக்கும் நம் ஊரில் அது எங்கே போய் முடியும்?

2020 முதல் 2025 வரை தனியார் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்ததால் நம்மிடையே பழைய வாகனங்களே அதிகம். ஆகவே மாதம் ஒருமுறை, சமதரையில், ஹேண்ட் பிரேக் இழுத்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ‘ஒன்’ செய்து, பிரேக்கில் கால் வைக்காமல் கியரை இழுத்துப் பாருங்கள். அசைந்தால் உடனே திருத்துங்கள். கராஜில் “பிரேக் ஸ்விட்சை முதலில் பாருங்கள்” என்று சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். வாகனத்தை விட்டு இறங்கும்போது சாவி உங்கள் கையில் இருக்கட்டும்.