அறுத்தெறிய வேண்டாம் அந்த வடிகட்டியை

கொடைக்கானல் மலையில் உள்ள பூம்பாறையில் ஒரு வீட்டு வாசலில், பூண்டு மூட்டை ஏற்றும் டீசல் பிக்கப் வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் படுத்தபடி விவசாயி ஒருவர் கிரைண்டரால் சைலன்சர் குழாயை அறுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வெளியில் வாங்கிய நேர்குழாய் பளபளத்துக் கிடந்தது. கோபம் வந்தாலும் அவர் சொன்ன காரணத்தைத் தள்ளிவிட முடியவில்லை. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்க ஒரு வடிகட்டி உண்டு. சேர்ந்த கரி எரிந்துபோக ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். தோட்டத்துக்கும் கடைக்குமாகச் சிறு தூரம் ஊர்ந்தே ஓடும் மலை வண்டிக்கு அந்தச் சூடு எளிதில் கிடைப்பதில்லை. வடிகட்டி அடைக்கிறது, எச்சரிக்கை விளக்கு எரிகிறது, இழுவை குறைகிறது. இதற்கு மருந்து, பழனிக்கு இறங்கி ஒட்டன்சத்திரம் சாலையில் சற்று நேரம் நிற்காமல் சீரான வேகத்தில் ஓட்டுவதும், அப்படியும் விளக்கு அணையாவிட்டால் பணிமனையில் காட்டுவதும்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வடிகட்டியை அறுத்தெடுத்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். அபராதத்தைவிட என்னை வருத்துவது வேறு: தைப்பூசத்துக்குப் பழனி நோக்கி அதே ஒட்டன்சத்திரம் சாலையோரம் வெறுங்காலோடு குடும்பம் குடும்பமாக நடந்து வருகிறார்கள், வடிகட்டி இல்லாத வண்டியின் கரும்புகை உடன் நடக்கும் பிள்ளைகளின் மூக்குக்குத்தான் முதலில் எட்டுகிறது. 2024 மே முதல் இ-பாஸ் கேட்டுக் கொடைக்கானலுக்கு வரும் வண்டிகளை எண்ணுகிறோம். எண்ணினால் மட்டும் போதாது. சோதனைச் சாவடியில் குனிந்து வண்டியின் அடியையும் பார்க்க வேண்டும். வண்டி விற்கும் நிறுவனங்களும் வடிகட்டியைச் சுத்தம் செய்யும் வசதியை மலைக்கே கொண்டுவர வேண்டும்; அப்போதுதான் அந்த விவசாயி கிரைண்டரைக் கீழே வைப்பார்.