முத்து நகரும் மூடாத குழிகளும்

மழை ஓய்ந்த மறுநாள் தூத்துக்குடியில் பைக் ஓட்டிப் பாருங்கள். தேங்கி நிற்கும் தண்ணீருக்கு அடியில் இருப்பது ஒரு அங்குலப் பள்ளமா, ஒரு அடிப் பள்ளமா என்று விழுந்த பிறகுதான் தெரியும்! உப்பு லாரியும் கண்டெய்னர் லாரியும் ஓடுகிற துறைமுக ஊரில் ரோடு கெட்டுப்போவது அதிசயம் இல்லை. என் கேள்வி வேறு. விழுந்தவரின் ஆஸ்பத்திரிச் செலவு யார் கணக்கு?

பி.காம். படிக்கிறவன், கணக்காகத்தான் யோசிக்க வருகிறது. குழியை மூடினால் மாநகராட்சிக்குச் செலவு. மூடாமல் விட்டால் அதன் புத்தகத்தில் ஒரு பைசா செலவில்லை. ஆனால் அந்தச் செலவு காணாமல் போய்விடுமா என்ன? மாவுக்கட்டு, எக்ஸ்ரே, வேலைக்குப் போகாத நாட்கள் என்று விழுந்தவர் வீட்டுக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மூடாமல் இருப்பது லாபமாக இருக்கும்வரை குழி மூடப்படாது!

2013 முதல் 2017 வரை நாடு முழுவதும் சாலைப் பள்ளங்களால் 14,926 பேர் இறந்திருக்கிறார்கள். இதை ஏற்கவே முடியாது என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ பிரிவு வந்தது. மோசமான பராமரிப்பால் உயிரோ உறுப்போ போனால், பொறுப்பானவர்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் அந்தப் பணம் போவது விபத்து நிதிக்கு. பாதிக்கப்பட்டவர் கைக்கு நேராக வராது.

2025 அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றம்தான் உருப்படியான வழி காட்டியது. பள்ளத்தால் இறந்தால் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாய். காயத்துக்கு 50,000 முதல் 2.5 லட்சம் வரை. நம் மாநிலத்தை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனால் பின்பற்ற யார் தடுத்தார்கள்?

"நஷ்ட ஈடும் நம் வரிப்பணம்தானே, ரோடு போடும் காசு அதில் போய்விடுமே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதற்கும் அந்தத் தீர்ப்பில் பதில் இருக்கிறது: கொடுத்த பணத்தைத் தவறு செய்த அதிகாரியிடமும் ஒப்பந்தக்காரரிடமும் வசூலிக்க வேண்டும்.

எல்லாக் குழிக்கும் மாநகராட்சியின் தலையை உருட்டச் சொல்லவில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியதே, அப்படிப்பட்ட மழையில் ரோடு அரித்துப் போனால் யாரைக் குறை சொல்ல? ஆனால் மாதக்கணக்கில் வாய் பிளந்து கிடக்கும் குழிக்கு மழை பொறுப்பல்ல. இங்கிலாந்தில் இதைப் பிரித்துப் பார்க்க 1980-ம் வருட நெடுஞ்சாலைச் சட்டம் இருக்கிறது. ஒழுங்காகச் சோதித்துப் பராமரித்தோம் என்று நிரூபித்தால் உள்ளாட்சி மன்றம் தப்பிக்கலாம். இல்லையென்றால் பணம் கட்ட வேண்டியதுதான். அதனால் சோதனைப் பதிவேடு ஒழுங்காக இருந்தால் அவர்களுக்கே நல்லது.

இங்கே தெரு மாநகராட்சிக்கு, சில சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறைக்கு, துறைமுகம் போகும் தேசிய நெடுஞ்சாலை மத்திய அரசின் ஆணையத்துக்கு. கால் உடைந்தவர் நொண்டிக்கொண்டே எத்தனை ஆபீஸ் ஏறுவார்? மனு வாங்க ஒரே இடம் வேண்டும். எந்தத் துறையின் ரோடு என்பதை அவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

மாநகராட்சி பட்ஜெட்டில் "பள்ள விபத்து நஷ்ட ஈடு" என்று ஒரு வரி வரட்டும். அந்தத் தொகை பெரிதானால் கவுன்சிலர்கள் கேள்வி கேட்பார்கள். அப்போது தாரும் ஜல்லியும்தான் மலிவு என்று தானாகவே புரியும். நான் சொல்வது சரிதானே?