காரைத் தாழ்த்தினால் நாம் உயர்ந்துவிடுவோமா?

முன்குறிப்பு: தலைப்பைப் பார்த்து தத்துவப் பதிவு என்று நினைத்து உள்ளே வந்தவர்கள் மன்னிக்கவும். இது கார் சஸ்பென்ஷன் பற்றிய புலம்பல்.

புனேக்குப் பிழைக்க வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மூன்று வருஷம் முன்னால் செகண்ட் ஹேண்டில் ஒரு ஜெர்மன் செடான் வாங்கினேன். கம்பெனி பேர் வேண்டாம். அதில் 'அடாப்டிவ் சஸ்பென்ஷன்' உண்டு. கம்ஃபர்ட், நார்மல், ஸ்போர்ட் என்று பட்டனை அமுக்கினால் வண்டியின் குணமே மாறும். தங்கமணிக்கு கம்ஃபர்ட், எனக்கு ஸ்போர்ட். வீட்டில் சண்டை வராமல் இருந்ததற்கு அந்தப் பட்டனும் ஒரு காரணம்.

போன வருஷ மழைக்காலத்துக்குப் பிறகு முன்பக்க டேம்பர் ஒன்றில் எண்ணெய் கசிய ஆரம்பித்தது. நம்மூர் பாஷையில் ஷாக் அப்சார்பர். சர்வீஸ் சென்டரில், இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், ஒரு லட்சத்து எண்பதாயிரம் ஆகும் என்றார்கள். மயக்கம் வராத குறை. அதே வாரம் ஆபீஸ் நண்பன் ஒருவன், "அந்தக் காசுக்குள்ள நாலு வீலுக்கும் காயிலோவரே போட்டுடலாமே" என்று காதில் ஓதினான். ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு செட் கிடைத்தது. ஐம்பதாயிரம் மிச்சம், வண்டியும் 35 மில்லிமீட்டர் தாழ்ந்து கும்மென்று நிற்கும். நாற்பது வயதில் வரக்கூடாத ஆசைதான்.

மாட்டிய மெக்கானிக் ஒரு மராத்திக்காரர். வேலையை ஆரம்பிக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சாஹேப், டிராக்குக்குப் போவீங்களா?" இல்லை என்றேன். "அப்போ எதுக்கு?" என்றார். நான் சிரித்து மழுப்பினேன். அந்தக் கேள்விக்கு அன்றைக்கே ஒழுங்காகப் பதில் யோசித்திருந்தால் இந்தப் பதிவு வந்திருக்காது.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஸ்பிரிங் வண்டியின் எடையைத் தாங்குகிறது. டேம்பர் அந்த ஸ்பிரிங் துள்ளுவதை அடக்குகிறது. அடாப்டிவ் டேம்பரில் எண்ணெய் போகும் வழியை ஒரு மின்வால்வு திறந்து மூடும். சில கார்களில் வால்வுக்குப் பதில் இரும்புத்துகள் கலந்த எண்ணெயே இருக்கும். காந்தப்புலம் கொடுத்தால் அது கெட்டியாகும் (2002-ல் காடிலாக் செவில் எஸ்டிஎஸ் காரில் முதலில் வந்தது). எந்த வகையானாலும், சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழுவதற்குள் கம்ப்யூட்டர் அதைப் பார்த்து டேம்பரை இளக்கவோ இறுக்கவோ செய்யும். பட்டன் நாம் அமுக்குவது. உண்மையான வேலை நமக்குத் தெரியாமல் நடப்பது.

காயிலோவர் என்பது டேம்பரைச் சுற்றி ஸ்பிரிங், டேம்பர் உடம்பில் திருகு மரை. திருகினால் உயரம் கூடும், குறையும். மேலே ஒரு குமிழ், அதில் முப்பது கிளிக். "முப்பது செட்டிங் இருக்கு, கம்பெனிக்காரன் மூணுதான் கொடுத்தான்" என்று நண்பன் சொன்னபோது நானும் பெரிதாகத் தலையாட்டினேன்.

ஏமாந்தது இங்கேதான். அந்தக் கிளிக் மாற்றுவது டேம்பரை மட்டும். ஸ்பிரிங் விறைப்பு மாறாது. வண்டி தாழ்ந்தால் சக்கரம் மேலே ஏறுவதற்கான இடம் குறையும். அடியில் முட்டாமல் இருக்க ஸ்பிரிங்கை விறைப்பாகப் போட்டே ஆகவேண்டும். என் செட்டில் பழையதைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சாஃப்ட் பக்கம் திருப்பினால் அடக்க ஆளில்லாமல் வண்டி குதிரை மாதிரி துள்ளும். ஹார்ட் பக்கம் திருப்பினால் தார் ரோட்டில் கிடக்கும் பீடித்துண்டு கூட முதுகுக்குத் தெரியும். நடுவில் வைத்தால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். இதில் எதை வைத்தாலும், நிறுத்தி இறங்கித் திருப்பும் வரை அதேதான். பள்ளத்தைப் பார்த்து அது மாறாது.

அடுத்தது ஸ்பீட் பிரேக்கர். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் விதிப்படி வட்டவடிவ ஹம்ப் 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்கவேண்டும். அப்படிப் போட்டால் தாழ்த்திய வண்டியும் மெதுவாகத் தாண்டிவிடும். எங்கள் சொசைட்டி வாசலில் இருப்பது ஒரு முழ அகலத்தில் சிமெண்டில் பிடித்த கொழுக்கட்டை. நான்கு பேர் உட்கார்ந்தால் 'கர்ர்ர்' என்று அடி உரசும். வாட்ச்மேன் சல்யூட் அடிப்பதை விட்டுவிட்டுக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார். மானம் போயிற்று.

மிச்சம் பிடித்த ஐம்பதாயிரம் எங்கே போனது? அடாப்டிவ் டேம்பரைக் கழற்றியதும் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு. அதை ஏமாற்ற ஒரு மாட்யூல். இரண்டு முறை வீல் அலைன்மெண்ட். அப்படியும் டயர்களின் உள்பக்கம் தேய்ந்து, இரண்டு புது டயர். கணக்குப் பார்த்தால் கையை விட்டுத்தான் போயிருக்கிறது.

இதெல்லாம் காசு. விடலாம். விட முடியாதது அம்மா வந்தபோது நடந்தது.

திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். எழுபத்தோரு வயது, இடுப்பில் ஏற்கெனவே தேய்மானம். பண்டரிபுரம் பார்க்கவேண்டும் என்பது பல வருஷ ஆசை. புனேயிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். சோலாப்பூர் ரோடு நல்ல ரோடுதான். ஆனாலும் ஒவ்வொரு பாலத்தின் இணைப்பிலும் 'தட்', 'தட்'. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே வந்தார். டெம்புர்ணியில் டீ குடிக்க நிறுத்தியபோது இறங்க முடியவில்லை. "என்னய்யா, புது வண்டின்னே, மாட்டு வண்டி மாதிரில்லா இருக்கு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். விட்டலன் சன்னதி வரிசையில் நிற்க முடியாமல் வெளியே உட்கார்ந்துவிட்டு, கோபுரத்தைக் கும்பிட்டுத் திரும்பினார். தங்கமணி வழி முழுக்க என்னிடம் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

இதனால் காயிலோவரே கெட்டது என்று சொல்ல வரவில்லை. கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ வண்டி ஓட்டுகிறவருக்கு அது அற்புதமான சாமான். வளைவில் வண்டி சாயாது, நான்கு மூலையின் எடையையும் சமன் செய்யலாம், பழுதானால் பிரித்துச் சரிசெய்யக்கூடிய வகைகளும் உண்டு, எலெக்ட்ரானிக்ஸ் தொல்லை இல்லை. அதற்காகச் செய்ததை அதற்குப் பயன்படுத்தினால் சரி. இடியாப்பக் குழலில் முறுக்கு அச்சைப் போட்டுவிட்டு இடியாப்பம் வரவில்லை என்று அழக்கூடாது.

என் கருத்து இதுதான். அடாப்டிவ் டேம்பர் போய்விட்டால், வசதி இருந்தால் அதையே போடுங்கள். இல்லையா, அதே காரின் கீழ் மாடலில் வரும் சாதாரண டேம்பர் உங்கள் வண்டிக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். பட்டன் வேலை செய்யாது, அவ்வளவுதான். உயரமும் பயணமும் காரை வடிவமைத்தவன் கணக்குப்படியே இருக்கும். எதை மாற்றினாலும் இன்சூரன்ஸ்காரரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதைக் கறாராகவே படித்தது.

நானும் அதைத்தான் செய்தேன். பரணில் போட்டிருந்த பழைய ஸ்பிரிங்குகளை இறக்கி, கீழ் மாடல் டேம்பர்களை அதே மெக்கானிக்கிடம் மாட்டினேன். அவர் "நான் அப்பவே கேட்டேனே" என்று சொல்லவில்லை. பெரிய மனுஷன். காயிலோவரை, நிஜமாகவே டிராக்குக்குப் போகும் ஒரு பையன் பாதி விலைக்கு வாங்கிப்போனான்.

கார்த்திகை முடிந்ததும் அம்மாவுக்கு மறுபடி டிக்கெட் போட்டுக் கூட்டி வந்தேன். இந்தாப்பூர் தாண்டுவதற்குள் பின் சீட்டில் குறட்டை. கைப்பிடியை யாரும் பிடித்திருக்கவில்லை.

இந்த முறை வரிசையில் நின்று விட்டலன் பாதத்தைத் தொட்டுவிட்டு வந்தார்.